சிறுமூளைக் கட்டுரையில் கைவைக்கும் முன்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் உன் ஹாஸ்டல் தோழிகளும் சேர்ந்து தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்கும் சிறுமூளைக் கட்டுரையை ஒழுங்கு செய்யப் போகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். உன் குரல் செய்தியும் வந்தது. "நீங்கதான் அதுல ரொம்ப நாளா எழுதுறீங்களே பெரியம்மா, ரெண்டு டிப்ஸ் குடுங்க" என்கிறாய். ரெண்டு டிப்ஸில் முடிகிற சங்கதி இல்லை இது. பதிலுக்கு நானும் குரல் செய்தி அனுப்பினால் அதை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாய். அதனால் கடிதம். லீவில் வந்து என்னோடு சண்டை போடுவதற்கும் எழுத்தில் இருந்தால் வசதி.

யாருக்காக எழுதப் போகிறீர்கள் என்பதை முதலில் உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் துறையில் இதை ஒரு செயல்திட்டமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது, சந்தோஷம். ஆனால் உங்கள் பேராசிரியர் தமிழ் விக்கிப்பீடியாவைப் படித்துச் சிறுமூளையைத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. நீயும் பரீட்சைக்கு முந்தின ராத்திரி இங்கிலீஷ் கட்டுரையைத்தான் திறப்பாய். தமிழில் "சிறுமூளை" என்று தட்டித் தேடுகிற ஆள் வேறு. குறிஞ்சிப்பாடியிலோ காட்டுமன்னார்கோவிலிலோ தமிழ் வழியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ஒன்று. இன்னொருவர் உங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நிற்கிறார். அப்பாவைப் படுக்கையில் சேர்த்தாயிற்று. கையில் இங்கிலீஷில் ஸ்கேன் ரிப்போர்ட். டியூட்டி டாக்டர் நடந்துகொண்டே "சிறுமூளையில ரத்தக்குழாய் அடைப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். புவனகிரியிலிருந்தோ பரங்கிப்பேட்டையிலிருந்தோ வந்த அந்த மனிதர் போனை எடுத்து அந்த ஒரு சொல்லைத் தட்டுகிறார். அவர் கண்ணில் படுகிற முதல் பத்து வரி என்னவாக இருக்க வேண்டும்? அந்தப் பத்து வரி கைவந்துவிட்டால் மிச்சம் தானாக வரும்.

நமக்குத் தெரிந்தது படிப்பவருக்கும் தெரியும் என்று நினைத்து எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கல்லூரியையே பார். 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது. இன்று பெயர் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. இருப்பதோ சிதம்பரம் அண்ணாமலை நகரில். பெயரை நம்பிக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி கேட்டால் இன்னும் ஒரு மணி நேரப் பஸ் பயணம் பாக்கி இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டாம். கலைக்களஞ்சியம் உள்ளூர்க்காரர்களுக்காக எழுதப்படுவதில்லையே.

நீ அனுப்பிய பகுதித் தலைப்புகளைப் பார்த்தேன். அமைப்பு, நுண்ணமைப்பு, கருவில் வளர்ச்சி, ரத்த ஓட்டம், நரம்பு இணைப்புகள், கடைசியில் ஒரு மூலையில் "நோய்கள்". பாடப்புத்தகத்தை அப்படியே வரிசை பிடித்திருக்கிறீர்கள். கட்டுரையில் எந்த வரிசையில் வேண்டுமானாலும் இருக்கட்டும், எழுதும்போது நோய்ப் பகுதியை முதலில் எழுதுங்கள். நம் ஊரில் ஒருவருக்குத் திடீரென்று தலை சுற்றி வாந்தி வந்தால் என்ன சொல்வார்கள்? பித்தம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடுத்துப் படுக்கவைப்பார்கள். சிறுமூளையில் வருகிற பக்கவாதம் பல நேரங்களில் இந்த வேஷத்தில்தான் வருகிறது. வாய் கோணுவதில்லை, கை கால் விழுந்துவிடுவதில்லை. படுத்துக்கொண்டு காலைத் தூக்கச் சொன்னால் தூக்குவார். எழுந்து நிற்கச் சொன்னால் நிற்க முடியாது, ஒரு பக்கமாகச் சாய்வார். முகம், கை, பேச்சு மூன்றையும் பார்க்கச் சொல்லும் "ஃபாஸ்ட்" சோதனை இவரைத் தவறவிட்டுவிடலாம். அதனால்தான் நிலைதடுமாற்றத்தையும் பார்வையையும் முன்னால் சேர்த்து "பி-ஃபாஸ்ட்" என்று விரித்தார்கள். ஆரம்ப மணி நேரங்களில் எடுக்கிற சி.டி. ஸ்கேனிலும் பின்மண்டையில் இருக்கிற அடைப்பு தெரியாமல் போவது உண்டு. அடைப்பு பெரிதாக இருந்தால் அடுத்த சில நாட்களில் சிறுமூளை வீங்கிப் பக்கத்தில் இருக்கும் மூளைத்தண்டை அழுத்தலாம். பேசிக்கொண்டிருந்தவரை ஏன் இன்னும் ஐ.சி.யு.வில் வைத்திருக்கிறார்கள் என்று புரியாமல் வராந்தாவில் நிற்கிறாரே, அவருக்கு வேண்டிய வரி இதுதான்.

இன்னொன்றும் அவருக்குப் புரியாது. பெருமூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலப்பக்கக் கை கால் பாதிக்கும் என்று எங்கேயோ கேட்டிருப்பார். சிறுமூளையில் அப்படி மாறாது. வலப்பக்கம் அடிபட்டால் வலக்கைதான் குறி தவறும். மூக்கைத் தொடச் சொன்னால் கன்னத்தைத் தொடும். இதை எழுதும்போது பாதை எங்கே இரண்டு முறை குறுக்கே போகிறது என்று மூன்று பத்தி விளக்காதீர்கள். ஒரு வரி போதும்.

அதே பகுதியில் இரண்டு காரணங்களுக்கு இடம் ஒதுக்குங்கள். ஒன்று குடி. வருடக்கணக்கான குடி சிறுமூளையின் நடுப்பகுதியைத் தேய்த்துவிடும். குடிக்காத நேரத்திலும் கால் அகட்டித் தள்ளாடுவதற்கு அதுதான் காரணம். இரண்டாவது, வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிட்டாயின். ரத்தத்தில் அதன் அளவு கூடினால் தள்ளாட்டமும் கண் துள்ளலும் வரும். நீண்ட காலம் அளவு மிஞ்சிப் போனால் சிறுமூளையே சுருங்கலாம். இங்கே கவனமாக எழுத வேண்டும். "மாத்திரையை நிறுத்துங்கள்" என்றோ "உடனே டாக்டரைப் பாருங்கள்" என்றோ கலைக்களஞ்சியம் பேசக்கூடாது. மருந்தைச் சொந்தமாக நிறுத்தினால் வலிப்பு திரும்பும் என்பதையும் பக்கத்திலேயே தகவலாக எழுதிவிட்டால் படிப்பவருக்குப் போதும். புத்தி சொல்கிற வேலையை என்னைப் போன்ற பெரியம்மாக்களிடம் விட்டுவிடுங்கள்.

இனி, சான்று. "எல்லா புக்லயும் இருக்கு பெரியம்மா" என்று நீ சொல்வாய். மூளையில் 10,000 கோடி நரம்புசெல்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. நான் வகுப்பில் பாடம் நடத்திய காலமெல்லாம் அதே எண்தான். யார் எண்ணினார்கள் என்று தேடிப் போனால் கையைக் காட்ட ஆள் இல்லை. ஒரு புத்தகம் இன்னொன்றைப் பார்த்து எழுதியிருந்தது. பிரேசிலில் சுசானா ஹெர்குலானோ-ஹௌசெல் குழுவினர் நான்கு ஆண்களின் மூளையை எடுத்து, திசுவைக் கரைத்து, செல் உட்கருக்களை மட்டும் பிரித்து எண்ணினார்கள். 2009-இல் வெளியான அந்தக் கணக்குப்படி சராசரியாக 8,600 கோடி. அதில் சிறுமூளையின் பங்கு எவ்வளவு தெரியுமா? 6,900 கோடி. மூளை எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கிற உறுப்பு, நரம்புசெல்களில் ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கிறது. பெயரில் "சிறு" இருப்பதால் நாம் ஏமாந்துவிடுகிறோம். இந்தத் தகவல் உங்கள் கட்டுரையின் முன்னுரையில் வர வேண்டும், நான்கு மூளைகளிலிருந்து வந்த சராசரி என்ற விவரத்தோடு. அந்தச் சின்ன விவரத்தை விட்டுவிட்டால் நீங்களும் அடுத்த 10,000 கோடியை ஆரம்பித்துவைத்தவர்கள் ஆவீர்கள்.

மருத்துவச் செய்திக்கு விக்கிப்பீடியாவில் கேட்கிற சான்று மற்றதைவிடக் கறாரானது. செய்தித்தாள் துணுக்கு ஆகாது. ஒற்றை ஆய்வுக் கட்டுரையும் பொதுவாக ஆகாது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட மீளாய்வுக் கட்டுரையோ, நல்ல பாடநூலோ வேண்டும். உன் தோழி ஒருத்தி சீனாவில் சிறுமூளையே இல்லாமல் வாழ்ந்த பெண்ணைப் பற்றித் தனிப் பகுதி எழுத ஆசைப்படுவதாகச் சொன்னாய். 2014-இல் வெளியான நேர்வு அது. இருபத்து நான்கு வயதில் தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிய வந்தது. நடையும் பேச்சும் பல வருடம் தாமதமாக வந்திருந்தன. கேட்க வியப்பாக இருப்பதனாலேயே அதற்கு ஒரு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு நோயாளிக்குத் தனிப் பகுதி கொடுத்தால், படிக்கிற பிள்ளை சிறுமூளை இல்லாமலும் சமாளிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறாக, ஒரு விஷயத்தை நீங்கள் தயங்கித் தயங்கி எழுதுவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே தயக்கம் வேண்டாம். "சிறுமூளையின் பணி உடல் சமநிலை" என்று ஒரு மதிப்பெண்ணுக்கு நாங்கள் உங்களைப் பழக்கிவிட்டோம். 1824-இல் பிரான்சில் ஃப்ளூரான்ஸ் புறாக்களின் சிறுமூளையை வெட்டிப் பார்த்ததிலிருந்து வருகிற மரபு அது. முதல் உலகப் போரில் பின்மண்டையில் குண்டு பாய்ந்து பிழைத்த சிப்பாய்களைச் சோதித்து கார்டன் ஹோம்ஸ் 1917-இல் எழுதியதும் அசைவைப் பற்றித்தான். 1998-இல் ஷ்மாமன், ஷெர்மன் இருவரும் சிறுமூளை பாதித்தவர்களிடம் திட்டமிடுதல், மொழி, உணர்ச்சி ஆகியவற்றிலும் கோளாறு இருப்பதை ஒரு தொகுதியாக விவரித்தார்கள். அதன் பிறகு இந்தத் துறையில் நிறைய வேலை நடந்திருக்கிறது. பிளஸ் ஒன் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதை நீங்கள் ஒரு பத்தியாக விரிக்கலாம். யார், எப்போது, எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று எழுதினாலே போதும். "விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்" என்ற வாக்கியத்தை மட்டும் கண்ணில் காட்டாதே. எந்த விஞ்ஞானி, எந்த ஊர்?

நீ இருப்பது சிதம்பரம். அங்கே இருந்துகொண்டு இந்தக் கட்டுரையை எழுதும்போது ஒரு ஆபத்து உண்டு. உங்களில் ஒருத்தி நிச்சயம் நடராஜர் படத்தைக் கொண்டுவந்து ஒட்டுவாள். கோபுர வாயில்களில் நூற்றெட்டு நடனக் கரணங்கள் செதுக்கியிருக்கிறது, ஒற்றைக் காலில் நிற்கிற கோலத்துக்கும் சிறுமூளைக்கும் சம்பந்தம் உண்டு, செர்ன் ஆய்வுக்கூடத்தில்கூட 2004-இல் நடராஜர் சிலை வைத்தார்கள் என்று ஆரம்பிப்பாள். கரணங்கள் உண்மை, சிலையும் உண்மை. அவற்றைச் சிறுமூளையோடு முடிச்சுப் போடுகிற ஆய்வு ஒன்றைக் காட்டாதவரை அந்தக் கட்டுரையில் அவற்றுக்கு இடமில்லை. கரணங்களைப் பற்றித் தனிக் கட்டுரையை வளர்க்கட்டும், அதற்கும் ஆள் தேவைதான். நடராஜர் கால் பெருவிரலில்தான் பூமியின் காந்த மையம் இருக்கிறது என்று வருடா வருடம் ஆருத்ரா தரிசனத்துக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறதே, உன் மாமாவும் எனக்கு அனுப்புவார். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதற்காகவே திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார்கள். பூமத்திய ரேகையோ சிதம்பரத்துக்குத் தெற்கே 1,200 கிலோமீட்டருக்கும் அப்பால். சாமியை இப்படிப் பொய்ச்சான்று கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய அவசியம் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூளையின் பெயரைச் சொல்லி நடந்த வியாபாரம் இதைவிடக் கேவலம். நீ பள்ளிக்கூடம் போன வயதில் ஊர் ஊராக "மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்" வகுப்பு போட்டார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் புத்தகம் படிப்பார்கள் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கினார்கள். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்த்துப் படிப்பதைப் பகுத்தறிவுக்காரர்கள் மேடையிலேயே காட்டிக்கொடுத்தார்கள். நடுமூளை பிறந்த நாளிலிருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, யாரும் வந்து சாவி கொடுக்க வேண்டியதில்லை. இதைச் சாதாரணத் தமிழில் சொல்கிற ஒரு நல்ல பக்கம் அன்றைக்குத் தேடியவுடன் கிடைத்திருந்தால் சில பெற்றோரின் பணமாவது மிச்சமாகியிருக்கும். சிறுமூளையை முடித்ததும் நடுமூளைக்குப் போங்கள்.

எழுதுகிற முறைக்கு வருகிறேன். மாணவர்களைக் கொண்டு விக்கிப்பீடியாவை வளர்க்கிற முயற்சி நம் நாட்டில் ஒருமுறை பெரிய அளவில் நடந்து கவிழ்ந்திருக்கிறது. 2011-இல் புனேயின் சில கல்லூரிகளில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் பாடத்தின் பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினார்கள். பலர் புத்தகத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டினார்கள். உலகத்தின் எங்கெங்கோ உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் அதையெல்லாம் தோண்டி எடுத்து நீக்கினார்கள், அந்த வருடக் கடைசிக்குள் திட்டமே நிறுத்தப்பட்டது. மாணவர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பரீட்சையில் புத்தக வரியை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் கொடுத்துப் பழக்கியவர்கள் நாங்கள்தானே. ஆனால் மதிப்பெண்ணுக்கும் கடைசித் தேதிக்கும் எழுதினால் இப்படித்தான் முடியும்.

தமிழில் நடந்தது வேறு மாதிரி. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன்னுடைய கருவியைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் இறக்கியது. நோய்கள், மருந்துகள், அமெரிக்கப் பாடகர்கள் என்று நீளநீளமான பக்கங்கள் வந்து குவிந்தன. படித்தால் ஒன்றும் புரியாது. வாக்கியம் தமிழ் எழுத்தில் இருக்கும், எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். அதைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் 2010-இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் விமரிசனக் கட்டுரையே வாசித்தார். அதே 2010-இல் செம்மொழி மாநாட்டை ஒட்டிக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள், ஆயிரத்துக்கும் மேல் கட்டுரைகள் வந்தன. குறை இருந்தாலும் அவை மனிதர்கள் யோசித்து எழுதியவை, திருத்த முடிந்தவை. கூகுள் கட்டுரையைத் திருத்துவதைவிட அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது சுலபம். இன்று உங்கள் கையில் அதைவிடச் சரளமான எந்திரம் இருக்கிறது. கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சிறுமூளையைப் பற்றி வழவழவென்று தமிழில் தரும், கீழே மேற்கோள்களும் தரும். அந்த மேற்கோளில் சில உலகத்தில் எங்குமே இல்லாதவை. கட்டுரையை எந்திரத்திடம் வாங்கிப் போடுவதாக இருந்தால் நீங்கள் எதற்கு? வராந்தாவில் நிற்கிறவரே அதை நேராகக் கேட்டுக்கொள்ளலாமே.

தமிழில் மருத்துவம் எழுத முடியுமா என்ற சந்தேகம் உங்கள் கூட்டத்தில் எழும். எழுந்தால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த சாமுவேல் கிறீன் கதையைச் சொல். அமெரிக்காவிலிருந்து 1847-இல் வந்த மருத்துவ மிஷனரி. 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பாடப்புத்தகம் கிடையாது. மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, கலைச்சொல் பட்டியல் போட்டு, மொழிபெயர்த்து, திரும்பத் திரும்பத் திருத்தி அச்சிட்டார்கள். கிரேயின் உடற்கூறு நூல் "மனுஷ அங்காதிபாதம்" என்ற பெயரில் 1872-இல் வந்தது. மாணவர்கள் கூடி மூளையைப் பற்றித் தமிழில் எழுதுகிற வேலையை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, பாப்பா. கிறீன் ஊர் திரும்பிய பிறகு அந்தப் படிப்பு நின்றுபோனது. 2023-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் மாணவர்களுக்கான கிரே உடற்கூறியலையும் கைட்டன்-ஹால் உடலியங்கியலையும் தமிழில் வெளியிட்டபோது நடுவில் நூற்றைம்பது வருடம் போயிருந்தது.

பெரியசாமித் தூரன் முதன்மையாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தையும் பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். உடலியல் கட்டுரைகளின் செய்தி பழசாகியிருக்கும், வாக்கியங்கள் பழசாகவில்லை. சிக்கலான ஒன்றைச் சின்னச் சின்ன வாக்கியமாக உடைத்துச் சொல்வது எப்படி என்று அங்கே கற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் பத்துப் பேர் தலைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாய். எனக்குச் சம்மதமில்லை. பத்து வீட்டுக் குழம்பை ஒரே அண்டாவில் ஊற்றினது போலத்தான் வரும். இரண்டு பேர் எழுதட்டும். மூன்று பேர் சான்று தேடி, எழுதினதை வரிக்கு வரி சரிபார்க்கட்டும். படம் வரையத் தெரிந்தவள் படத்தைக் கவனிக்கட்டும். மிச்சப் பேர் வாசகர்கள். அதில் ஒருத்தியாவது மருத்துவம் படிக்காதவளாக இருந்தால் நல்லது, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழோ வேளாண்மையோ படிக்கிறவளைக் கூட்டிக்கொள்ளுங்கள். எழுதினதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள். அவள் "இது என்ன?" என்று கேட்ட இடத்தை எல்லாம் திருத்துங்கள். அவளுக்கு விளக்கம் சொல்லிவிட்டு வரியை அப்படியே விட்டுவிடக்கூடாது, விளக்கின விளக்கமே கட்டுரைக்குள் போக வேண்டும்.

படத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். கிரே நூலின் 1918-ஆம் வருடப் பதிப்பின் படங்கள் காப்புரிமை தீர்ந்தவை, விக்கிமீடியா பொதுவகத்தில் கிடைக்கும். தமிழில் பெயர் குறித்துப் போடலாம். அந்த நூலின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். 1858-இல் அச்சானபோது அவர் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டார்கள். அவர் பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கற்பித்து, இங்கேயே மூன்று பத்தாண்டுகளை ஒட்டி வேலை பார்த்தார். உலகம் நூலை "கிரே" என்றுதான் சொல்கிறது. விக்கிப்பீடியாவில் சின்ன எழுத்துகூடக் கிடையாது. கட்டுரையின் மேல் யார் பெயரும் இருக்காது. வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் எந்தக் காற்புள்ளியை எந்தப் பயனர் எத்தனை மணிக்கு வைத்தார் என்பதுவரை இருக்கும், ஆனால் அதை யாரும் திறப்பதில்லை. இது உறுத்துகிறவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை.

யாராவது உங்கள் திருத்தத்தை மீளமைத்தால் கோபப்பட்டு நீங்களும் மீளமைக்காதீர்கள். உரையாடல் பக்கத்துக்குப் போய்க் காரணம் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆலமரத்தடியில் போடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் பொது மன்றத்துக்கு அதுதான் பெயர். முக்கியமாக ஒன்று. கட்டுரையில் எங்காவது "மூளி" என்று கண்டால் யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்று அழித்துவிடாதீர்கள். இலங்கைப் பாடநூல்களில் சிறுமூளைக்கு அதுதான் பெயர். தமிழ் விக்கிப்பீடியாவை 2003-இல் ஏறக்குறையத் தனியாளாக வளர்க்கத் தொடங்கிய மயூரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், அபுதாபியில் வேலை பார்த்துக்கொண்டு எழுதினார். 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குத்தான் கொடுத்தார்கள். அந்த வீட்டில் நாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். இரண்டு சொல்லும் முதல் வரியில் இருக்கட்டும். மூளி என்று தேடுகிற பிள்ளையும் இதே பக்கத்துக்கு வந்து சேர ஒரு வழிமாற்று போடுங்கள்.

கருத்து வேறுபாடு வருவதே நல்லதுதான். நரம்புசெல்கள் தனித்தனியானவை என்பதை ரமோன் இ காகால் 1888-இல் பறவைகளின் சிறுமூளையை வைத்துத்தான் முதலில் காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்திய சாயமுறையைக் கண்டுபிடித்த கோல்ஜி அதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. 1906-இல் இரண்டு பேருக்கும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள். மேடையில் கோல்ஜி காகாலின் கொள்கையை மறுத்துத்தான் பேசினார். உங்கள் ஹாஸ்டல் அறையில் அந்த அளவுக்குப் போகாது என்று நம்புகிறேன்.

செயல்திட்டத்துக்கு மதிப்பெண் போட்டு முடிந்ததும் எல்லோரும் ஓடிவிடுவீர்கள் என்பதுதான் எனக்குள்ள பயம். இரண்டு பேராவது கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது எண்ணை மாற்றினால், கெட்ட வார்த்தை எழுதினால், லேகிய விளம்பரம் சேர்த்தால் உங்களுக்குத் தெரியவரும். நீ ஹவுஸ் சர்ஜன் ஆகிற வருடத்திலும் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

கணக்கு தொடங்குகிற நாளில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் தொடங்க விக்கிப்பீடியா விடாது. ஹாஸ்டல் வைஃபையில் பத்துப் பேரும் உட்கார்ந்தால் ஏழாவது ஆளுக்குப் பிழைச் செய்திதான் வரும். நாலு பேர் மறுநாள் தொடங்குங்கள். ஒரே கணக்கைப் பத்துப் பேர் பங்குபோடுவது மட்டும் கூடாது, அது விதிமீறல். நேராகக் கட்டுரையில் கைவைக்காமல் மணல்தொட்டி என்கிற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். நோய்ப் பகுதியின் முதல் வரைவு வந்ததும் இணைப்பை அனுப்பு, எனக்கு மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வேலை இல்லை. பழைய பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகம் பரணில் இருக்கிறது. கலைச்சொல் சரிபார்க்க உதவும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் இறக்கித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா